மூடி போட்ட பிறகு

ஜெசிந்தாவிடம் வேலை கற்க வந்தபோது தாணுமூர்த்திக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு.

நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஜெசிந்தாவின் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை இருந்தது. கண்ணில் படும்படி ஒரு பலகைகூட இல்லை. எங்கே கொண்டுபோயும் எழும்பாத மெஷின் அங்கே எழும்பும் என்று ஊரில் பேச்சு இருந்தது.

தாணுமூர்த்தி இருபத்தாறு வருஷம் காவல் நிலையங்களில் ரைட்டராக இருந்தவர். புகார் எழுதி, வாக்குமூலம் எழுதி, சலித்துப்போய் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். வீட்டில் உட்கார முடியவில்லை. மகளுடைய பழைய கம்ப்யூட்டரை ஒருநாள் தானே திறந்து துடைத்து மாட்டினார். அது ஓடியது. அந்த வாரமே ஜெசிந்தாவின் கடைக்கு வந்து நின்றார்.

"உங்களை என்னன்னு கூப்பிட?" என்று முதல் நாள் கேட்டார்.

"பேர் சொல்லுங்க, அண்ணாச்சி."

"அது சரிவராது. டீச்சர்னு கூப்பிடுறேன்."

எட்டு மாதத்தில் கை நன்றாகவே பழகியது. ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. மெஷின் கெட்டுப்போச்சு என்று யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"கடைசியா யார் தொட்டது?"

வந்தவர்கள் விழிப்பார்கள். மனைவி கணவனைப் பார்ப்பாள். அண்ணன் தம்பியைப் பார்ப்பான். ஜெசிந்தா மெஷினின் மூடியைக் கழற்ற ஆரம்பிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெசிந்தா தூத்துக்குடிக்குக் கிளம்பினார். தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். திங்கட்கிழமைதான் திரும்புவார்.

"மீரான் சார் ஆபீஸ்ல ஹார்டு டிஸ்க் மாத்தணும். நீங்க போயிடுங்க" என்றார்.

"தனியாவா, டீச்சர்?"

"தனியாத்தான்."

மீரான் ஓய்வுபெற்ற மருந்தாளுநர். வடசேரியில் ஒரு சின்ன அறையை வைத்துக்கொண்டு, ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை இருபது வருஷமாகப் பராமரித்துவருகிறார். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தாலும் பட்டியலைப் பார்த்து ஆளைத் தேடி அனுப்புவார். எல்லாமே ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவள் ஷெர்லின். இருபத்தாறு வயது. நாலு வருஷமாக அங்கே வேலை செய்கிறாள்.

பழைய டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டது. தாணுமூர்த்தி சிபியூவைத் திறந்து புதிய டிஸ்க்கை மாட்டினார். பழையதில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றினார். மூன்று மணி நேரம் ஆயிற்று. ஷெர்லின் பக்கத்திலேயே நின்றாள்.

"சார், எதுவும் அழிஞ்சிடாதே?"

"நான் இருக்கேன்லா."

புதிய டிஸ்க்கில் மெஷின் ஓடியது. பட்டியல் திரையில் வந்தது. மீரான் கைகூப்பினார். ரத்தம் கொடுத்தவர்களின் விவரம் வெளியே போகக் கூடாது என்று மீரான் கேட்டுக்கொண்டதால், பழைய டிஸ்க்கை அங்கேயே முழுவதுமாக அழித்தார். பிறகு மெஷினை நிறுத்தினார். உள்ளே தொங்கிய வயர்களை ஒழுங்காகச் சேர்த்துக் கட்டினார். மூடியைப் போட்டார். ஐந்து மணிக்குக் கிளம்பினார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மீரான் போன் செய்தார்.

"லைட் எரியுது. உள்ள காத்தாடி சுத்துது. திரையில ஒண்ணுமே வரல."

தாணுமூர்த்தியின் மனதில் உடனே ஒரு வாக்கியம் வந்தது. நான் விட்டுட்டு வரும்போது ஓடிச்சே.

வடசேரிக்குப் போய்ச் சேரும்வரை அந்த வாக்கியத்தையே பிடித்துக்கொண்டு போனார்.

அறைக்குள் நுழைந்ததும் அவர் மெஷினைப் பார்க்கவில்லை. ஷெர்லினைப் பார்த்தார்.

"நேத்து நான் போன பிறகு நீ எத்தனை மணி வரைக்கும் இருந்தே?"

"அஞ்சரை வரைக்கும், சார்."

"மீரான் சார்?"

"அவங்க தொழுகைக்குப் போயிட்டாங்க."

"அப்போ நீ மட்டும்."

அவளுடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்து அணைத்தாள். தாணுமூர்த்தி அதைக் கவனித்தார்.

டிஸ்க்கைக் கழற்றினார், மாட்டினார். அதன் கேபிளை மாற்றினார். மூன்று முறை செய்தார். திரை கறுப்பாகவே இருந்தது. சிபியூவின் பின்பக்கம் நாலு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. நாலாவதைப் போட்டோமா என்று யோசித்தார். போட்டதாகத்தான் தோன்றியது.

"உன் பைல என்ன இருக்கு?"

"சார்?"

"பையைத் திற, மக்கா."

அந்தக் குரலை அவர் இருபத்தாறு வருஷம் பழகியிருந்தார். ஷெர்லின் பையை மேசையில் கவிழ்த்தாள். சாப்பாட்டுப் பாத்திரம், குடை, சீப்பு, ஒரு சின்ன ஜெபமாலை, நீலநிற பென் டிரைவ் ஒன்று.

"இதுல என்ன?"

"லிஸ்ட் சார். நம்ம லிஸ்ட்தான். நேத்து நீங்க வர்றதுக்கு முன்னாடி காப்பி எடுத்தேன்."

"யார் எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"பிறகு எதுக்கு எடுத்தே?"

அவள் குரல் தணிந்தது. "பயமா இருந்துச்சு."

தாணுமூர்த்தி மீரானைத் திரும்பிப் பார்த்தார். கேட்டீர்களா என்பதுபோல.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னார். எத்தனை மணிக்கு வந்தாள், எத்தனை மணிக்குப் போனாள், பென் டிரைவை எத்தனை முறை சொருகினாள். அவள் எழுதினாள். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். போடும்போது கண்ணீர் தாளில் விழுந்துவிடக் கூடாதென்று தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள்.

"உண்மை தெரியும் வரைக்கும் வீட்ல இரும்மா" என்றார் மீரான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பென் டிரைவை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் திருநெல்வேலி ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து மீரானுக்கு போன் வந்தது. இசக்கியம்மாள், இருபத்தொன்பது வயது, இரண்டாவது பிரசவம். நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது. அறுவை செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும். ரத்தம் நிறையப் போகும். அவளுக்கு பாம்பே குரூப். பல ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் அந்த ரத்தம் இருக்கும். வேறு எந்த ரத்தமும் அவளுக்குச் சேராது.

மீரானின் பட்டியலில் அந்த வகைக்காரர்கள் ஏழு பேர் உண்டு. இரண்டு பேர் அவர் நினைவில் இருந்தார்கள். ஒருவர் மஸ்கட்டில் இருக்கிறார். இன்னொருவர் போன மாதம்தான் கொடுத்தார். மற்ற ஐந்து பேரும் எழும்பாத மெஷினுக்குள் இருந்தார்கள்.

மீரான் தாணுமூர்த்திக்கு போன் செய்தார்.

"அந்த பென் டிரைவ்ல லிஸ்ட் இருக்குன்னு சொன்னாளே. பேரன் லேப்டாப்ல போட்டுப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம் சார். மெஷினைக் கொன்னதே அதுதான். வைரஸ் இருக்கும். எதுல போட்டாலும் அதுவும் போயிரும்."

"அப்போ டிஸ்க்கையாவது வேற மெஷின்ல மாட்டி..."

"அதுக்குள்ளயும் இறங்கியிருக்கும். டீச்சர் நாளைக்கு வந்திருவாங்க."

"அவங்களுக்கு போன் போடலாமா?"

"விசேஷ வீடு. தொந்தரவு பண்ண வேண்டாம்."

விசேஷ வீடு என்பது உண்மைதான். தோற்றுப்போய்விட்டேன் என்று டீச்சரிடம் சொல்ல மனம் வரவில்லை என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் தாணுமூர்த்தி தனக்குச் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஜெசிந்தா பெட்டியோடு நேராகக் கடைக்கு வந்தார். தாணுமூர்த்தி நடந்ததைச் சொன்னார். ஷெர்லின் எழுதிக் கொடுத்த தாளை நீட்டினார்.

ஜெசிந்தா அதை முழுவதும் படித்தார். பிறகு மடித்து அவரிடமே கொடுத்தார்.

"சந்தேகப்படுறது தப்பா, டீச்சர்?"

"இல்ல."

"பிறகு ஏன் ஒண்ணும் சொல்லாம இருக்கீங்க?"

"வண்டியை எடுங்க, அண்ணாச்சி."

வடசேரி அறையில் மீரான் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்று சாயங்காலத்துக்குள் இரண்டு யூனிட் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஜெசிந்தா மெஷின் பக்கமே போகவில்லை.

"லிஸ்ட் வேற எங்கயாவது இருக்கா, சார்?"

மீரானின் கண் பீரோவுக்குப் போயிற்று.

"அது வேண்டாம் டீச்சர்" என்றார் தாணுமூர்த்தி.

ஜெசிந்தா கை நீட்டினார். மீரான் பீரோவைத் திறந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். ஜெசிந்தா தன் பையிலிருந்த பழைய லேப்டாப்பைத் திறந்து அதைச் சொருகினார்.

"உங்க மெஷின் போயிரும், டீச்சர்."

"போனா சரிபண்ணலாம்."

லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பென் டிரைவில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்குப் பதிவானது. திறந்தார். பெயர்கள், ஊர்கள், எண்கள். பாம்பே குரூப்காரர்கள் ஏழு பேரும் இருந்தார்கள்.

மீரான் நினைவில் இல்லாத ஐந்து பேரின் எண்களை வரிசையாக அழுத்தத் தொடங்கினார். முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது ஆளுக்குக் காய்ச்சல். மூன்றாவது, கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் வகுப்பிலிருந்து வெளியே வந்து பேசினார். உடனே கிளம்புகிறேன் என்றார். நாலாவது ஆள் சாத்தான்குளத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். முகவரியை மட்டும் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

மீரான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

"நேத்து மத்தியானமே கூப்பிட்டிருக்கலாம்" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

தாணுமூர்த்தி நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டுமா? காப்பி எடுத்திருக்கா. வெள்ளிக்கிழமை காலையிலயே எடுத்திருக்கா. மெஷின் போகப்போகுதுன்னு அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எப்படித் தெரியும்?"

ஜெசிந்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் நிஜமாகவேதான் கேட்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"வாங்க, மெஷினைப் பார்ப்போம்" என்றார்.

மூடியைக் கழற்றச் சொன்னார். தாணுமூர்த்தி கழற்றினார். புதிய டிஸ்க்கையும் கழற்றச் சொன்னார். அதையும் கழற்றினார்.

"மேசை மேல வைங்க. ஆன் பண்ணுங்க."

"டிஸ்க் இல்லாமலா?"

"ஆமா."

காத்தாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"நல்ல மெஷின்ல டிஸ்க் இல்லேன்னா என்ன வரும், அண்ணாச்சி?"

"டிஸ்க்கைக் காணோம்னு திரையில எழுத்து வரும்."

"வந்துச்சா?"

"வரல."

"டிஸ்க் எங்க இருக்கு?"

"மேசை மேல."

"அப்போ வைரஸ் எங்க இருக்கு?"

தாணுமூர்த்தி டிஸ்க்கைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார்.

"ரெண்டு நாளா டிஸ்க்கை விசாரிச்சிருக்கீங்க. அது இடத்துலயே இல்லாதப்பவும் திரை கறுப்பாத்தான் இருக்கு. அதை விட்டுரலாமா?"

"விட்டுரலாம்."

"அந்தப் பிள்ளை எங்க?"

"வீட்ல."

"எத்தனை நாளா?"

"சனிக்கிழமையிலிருந்து."

"அவங்களைக் கழட்டி வெச்ச பிறகு மெஷின் எழும்பிச்சா?"

மீரான் தரையைப் பார்த்தார்.

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப்போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை நீங்க விட்டுட்டுப் போகும்போது ஓடிச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா, டீச்சர். சத்தியமா ஓடிச்சு. மீரான் சாரே பார்த்தாங்க."

"அப்போ மூடி போட்டிருந்ததா?"

"இல்ல. திறந்துதான் இருந்துச்சு."

"பிறகு?"

"நிறுத்தினேன். வயரையெல்லாம் ஒதுக்கிக் கட்டினேன். மூடியைப் போட்டேன்."

"மூடி போட்ட பிறகு ஒருதரம் ஓட்டிப் பார்த்தீங்களா?"

"பார்க்கல" என்றார் தாணுமூர்த்தி.

"கடைசியா யார் தொட்டது, அண்ணாச்சி?"

ஜெசிந்தாவின் குரலில் குத்தல் இல்லை. வழக்கமாகத் தாணுமூர்த்தி மற்றவர்களிடம் கேட்பதைப் போலத்தான் இருந்தது. அதனால்தான் அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

ஜெசிந்தா மெஷினை அணைத்து மின்சார வயரைப் பிடுங்கினார். டார்ச்சை உள்ளே அடித்தார். வயர்களைச் சேர்த்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக் கட்டு இறுக்கமாக இருந்தது. ஒரு தடித்த வயர் அதில் இழுபட்டு, மெஷினின் நினைவகமான ரேம் அட்டையின் ஒரு முனைக்கு அடியில் சிக்கியிருந்தது. அந்த முனை மட்டும் மேலே தூக்கியிருந்தது. ஒரு நெல் மணி அளவுக்குக்கூட இருக்காது. திரை வராமல் போக அது போதும்.

"நீங்களே பண்ணுங்க."

தாணுமூர்த்தி கட்டை வெட்டினார். வயரை விலக்கினார். அட்டையின் முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தது. டிஸ்க்கை மாட்டினார். மின்சார வயரைச் சொருகினார். பொத்தானை அழுத்தினார்.

திரையில் வெளிச்சம் வந்தது.

யாரும் சந்தோஷப்படவில்லை. ஜெசிந்தா மூடியைப் போடச் சொன்னார். போட்ட பிறகு ஒருமுறை நிறுத்தி ஓட்டச் சொன்னார். ஓடியது.

மீரான் ஷெர்லினுக்கு போன் செய்தார். நடந்ததைச் சொன்னார். மன்னிச்சுக்கம்மா என்று மூன்று முறை சொன்னார். எதிர்ப்பக்கம் அவள் என்ன சொன்னாள் என்பது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்றா" என்றார் போனை வைத்துவிட்டு.

சாயங்காலம் ஆறே முக்காலுக்குத் திருநெல்வேலியிலிருந்து தகவல் வந்தது. ஆசிரியையும் பட்டறைக்காரரும் அடுத்தடுத்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டார்கள். அறுவை முடிந்தது. பெண் குழந்தை. இசக்கியம்மாள் பிழைத்துக்கொண்டாள். ரத்தம் வருமா வராதா என்று தெரியாமல் அவள் ஒரு நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை தாணுமூர்த்தி கோட்டாற்றில் ஷெர்லின் வீட்டைத் தேடிப் போனார். கையில் அந்தத் தாள் இருந்தது.

அவள்தான் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"தப்பு என்னுதும்மா" என்றார். "வயரை இழுத்துக் கட்டினேன். அதுல ரேம் தூக்கிடுச்சு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நீ காப்பி எடுத்ததாலதான் அந்தப் பொம்பிள பிழைச்சா." தாளை நீட்டினார். "இது உன்கிட்டயே இருக்கட்டும். கிழிச்சுப் போட்டிரு."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். கிழிக்கவில்லை. அதில் தன் கையெழுத்தை ஒருமுறை பார்த்தாள்.

"பழுது எதுன்னு கண்டுபிடிச்சாச்சு, அதனால வந்தீங்க. சரி சார். கண்டுபிடிக்க முடியலேன்னா?"

"என்னம்மா?"

"அந்த மெஷின் என்ன பண்ணியும் எழும்பல, ஏன்னே யாருக்கும் தெரியல. அப்பிடின்னு வெச்சுக்கோங்க. அப்போ நான் யாரு, சார்?"

தாணுமூர்த்தி வாசலில் நின்றார். எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்வி கேட்டு எழுதியவர். கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

கடைக்கு வந்தபோது ஜெசிந்தா யாருடைய பிரிண்டரையோ பிரித்துப் போட்டிருந்தார். தாணுமூர்த்தி எதிரில் உட்கார்ந்தார். ஷெர்லின் கேட்டதைச் சொன்னார். ஒரு சொல்லையும் விடாமல், ரைட்டராகச் சொன்னார்.

"நான் என்ன பதில் சொல்லியிருக்கணும், டீச்சர்?"

ஜெசிந்தா திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அவங்க கேட்டு எவ்வளவு நேரம் ஆச்சு, அண்ணாச்சி?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

"அப்போ உங்க பதிலுக்கு இன்னும் காத்துக்கிட்டுதான் இருப்பாங்க."